ஆயுத பூஜையும் என் பாக்டீரியாக்களும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை இன்னும் கொஞ்சம் நன்றாக ஓட வைக்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், அவரை உடனே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அன்று யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை.

அப்போது நான் பங்சார் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காகப் பாக்டீரியா வளர்த்துக்கொண்டிருந்தேன். (கிள்ளானில் இருக்கும் அம்மா இதை உறவினர்களிடம் 'மருந்து ஆராய்ச்சி' என்று சொல்லி வைத்திருந்தார். பாக்டீரியா வளர்க்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாதாம்.) சில பாக்டீரியாக்கள் தாமாகவே ஒரு வகைச் சோப்பைச் சுரக்கும். பயோசர்ஃபக்டண்ட் என்று பெயர். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். ஆற்றில் கலந்தாலும் மக்கிப்போகும். ஒரே குறை, ரொம்பக் கொஞ்சமாகத்தான் தரும். அதை அதிகமாக்குவதுதான் என் வேலை.

அதில் நான் கெட்டிக்காரி. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. விலை கூடிய சர்க்கரைக்குப் பதிலாக, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குணா மாமாவிடம் சோறு வடித்த கஞ்சியை வாங்கி வந்து பாக்டீரியா வளரும் தொட்டியில் ஊற்றினேன். கொஞ்சம் இரும்புச் சத்து சேர்த்தேன். காற்றைக் கூட்டினேன். பாக்டீரியாக்கள் விருந்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் மாதிரி சாப்பிட்டன, சோப்பும் கூடியது. அன்றிலிருந்து மாமா தன்னையும் விஞ்ஞானி என்றே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்.

இந்தச் சமயத்தில்தான் கிள்ளானில் பாத்திரம் கழுவும் திரவம் தயாரிக்கும் தொழிற்சாலை முதலாளி ராசையா எங்கள் சோப்பைப் பார்க்க வருவதாகச் சொன்னார். பிடித்துப்போனால், படிப்பு முடிந்ததும் எனக்கு அங்கே வேலை. என் உதவித்தொகை முடியப்போகிறது, வேறு எங்கிருந்தும் ஒரு பதில்கூட வந்திருக்கவில்லை. இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். அவருக்குத் தோதுப்பட்ட நாள் ஆயுத பூஜை.

அன்று காலை குணா மாமா நேரில் வந்து இறங்கினார். ஒரு கையில் சிவப்பு வாளி நிறையக் கஞ்சி. மறு கையில் சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், சூடம்.

"இன்னைக்கு மிஷினுக்கெல்லாம் லீவும்மா வாசுகி. ஓட்டக்கூடாது."

"நிறுத்தினா உள்ள இருக்கிறதெல்லாம் செத்துரும் மாமா. காத்து போய்க்கிட்டே இருக்கணும்."

"அப்ப பொட்டாவது வெச்சிரு. எங்க கடை கிரைண்டருக்கே மாலை போட்டாச்சு. இத்தாம் பெரிய மிஷினு, மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்?"

என் சீனப் பேராசிரியர் சியூவிடம் அனுமதி கேட்டேன். அவருடைய அப்பாவின் பட்டறையிலும் சாமி மாடம் உண்டு. "ஓகே லா, கோ அஹெட். பட் நோ ஃபயர்!" என்று சூடத்தை மட்டும் பிடுங்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார்.

கஞ்சியைத் தொட்டிக்குக் கொடுத்தோம், தொட்டிக்குப் பொட்டும் வைத்தோம். தொட்டி நின்ற மேசைக்குச் சக்கரங்கள் இருந்ததால் மாமா ஒவ்வொன்றின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, மேசையை நகர்த்தி முறைப்படி நசுக்கியும் விட்டார். மாலைதான் சரியாக உட்காரவில்லை. தொட்டியின் தலையில் ஓர் ஒயர் துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே நுரை ஏறினால் அதைக் கண்டுகொண்டு, நுரையை அடக்கும் மருந்தைச் சொட்டவைப்பது அந்த ஒயர்தான். மாலையைப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று அதைக் கழற்றினேன். மாலை அழகாக உட்கார்ந்தது. ஒயர் எனக்கு மறந்தே போனது.

அதோடு விட்டேனா? வருகிறவர் அசந்துபோக வேண்டும் என்று காற்றை இன்னும் ஒரு திருகு கூட்டினேன்.

ராசையா தன் தொழிற்சாலை பூஜையை முடித்துவிட்டு நேராகப் பட்டு வேட்டியோடு வந்தார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, மாலையெல்லாம் போட்டு ஜோரா வெச்சிருக்கீங்க லா! எந்த லேப்லயும் நான் இப்படிப் பாத்ததில்ல."

வேலை கிடைத்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கைகளை விரித்து விளக்கத் தொடங்கினேன்.

"இதுல பெரிய பிரச்சனையே நுரைதான் அங்கிள். ஆனா எங்க லேப்ல நுரை முழுக்க எங்க கண்ட்ரோல்ல இருக்கு." (பேராசிரியர் காதிலும் விழட்டும் என்று இதையே ஆங்கிலத்தில் இன்னொரு தடவை சொன்னேன்.)

ராசையா என் தோளுக்கு மேலே பார்த்தார். "அந்த நுரையா பாப்பா?"

திரும்பினேன். காற்று வெளியேறும் குழாயைப் பிடுங்கித் தள்ளிவிட்டு, நுரை சாமந்திக்கு நடுவே குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. குங்குமம் கரைந்து ரோஸ் நிறமாக வழிந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் ஓட்டையை அடைத்தேன். பொதுவாக நான் புத்திசாலி. ஆனால் அடைத்த இடத்திலிருந்து நுரை பக்கவாட்டில் பீய்ச்சும் என்பது அப்போது தோன்றவில்லை. அது பீய்ச்சிய பக்கத்தில் ராசையாவின் பட்டு வேட்டி இருந்தது.

"பொங்குது பொங்குது!" என்று மாமா கத்தினார். கத்திய வேகத்தில், பல வருடப் பழக்கம், "பொங்கலோ பொங்கல்!" என்றும் கூவிவிட்டார்.

"அலாமாக்! ஏர்! க்ளோஸ் த ஏர்!" பேராசிரியர் பாய்ந்து வந்தார். நானும் பாய்ந்தேன், நசுங்கிய எலுமிச்சம்பழத்தில் கால் வைத்தேன், ராசையாவின் காலடியில் போய் விழுந்தேன். பார்த்தவர்களுக்கு ஆசீர்வாதம் வாங்குகிற மாதிரி இருந்திருக்கும். பேராசிரியர்தான் காற்றை நிறுத்தினார். மாமா காலியான கஞ்சி வாளியைத் தொட்டிக்கு அடியில் தள்ளி, மிச்ச நுரையைப் பிடித்தார்.

ராசையா வேட்டியைப் பிழிந்துகொண்டு கிளம்பினார். நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பொய்யில்லை, மூக்கு சிந்திச் சிந்தி அழுதேன். மாமா பக்கத்தில் வந்து, "நான் அப்பவே சொன்னேனே, இன்னைக்கு லீவு குடுன்னு," என்று ஆறுதல் சொன்னார்.

பேராசிரியர் மட்டும் என்னைத் திட்டாமல் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரை அடங்கித் தேங்கிய நீரைச் சோதித்துப் பார்த்தால், தொட்டிக்குள் இருந்ததைவிட அதில்தான் சோப்பு அதிகம். சோப்பு நுரையோடுதான் ஏறிப்போகிறது. நான் மாதக்கணக்கில் அதை மருந்து ஊற்றி உள்ளேயே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். வெளியே விட்டுப் பிடித்தால் பிரித்தெடுப்பதும் சுலபம். மாபெரும் கண்டுபிடிப்பு என்று நான் துள்ளினேன். மற்றவர்கள் இதை எப்போதோ எழுதிவிட்டார்கள் என்று பேராசிரியர் ஒரு கட்டுக் கட்டுரைகளை என் மேசையில் வைத்தார். "ஃபர்ஸ்ட் ரீட் லா."

சில நாள் கழித்து ராசையா கூப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"பாப்பா, அன்னைக்குப் பூஜையில வேட்டியில நெய் கொட்டிருச்சு. வீட்டுக்குப் போய்ப் பாக்கறேன், நெய்க்கறையக் காணோம். உன் குங்குமக் கறைதான் போவல. நீ வேலைக்கு வா. ஆனா என் ஃபேக்டரியில மாலைய நான்தான் போடுவேன்."

இன்றும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் தொட்டிகளில் நுரை தன் இஷ்டத்துக்கு வெளியேறும். பிடிக்க அடியில் பெரிய கலன் நிற்கும். பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஆட்கள் அதை 'வாசுகி வாளி' என்றுதான் சொல்கிறார்கள்.

என் கல்யாணத்தில் மாலை மாற்றும் நேரம். நான் மாலையைத் தூக்கியதும் குணா மாமா மேடையேறி, மாப்பிள்ளையின் காலடியில் அந்தச் சிவப்பு வாளியை வைத்துவிட்டுப் பவ்யமாக இறங்கிப் போனார். எங்கள் பக்கம் மண்டபமே சிரித்தது. டெங்கிலிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் குடும்ப வழக்கம் போலிருக்கிறது என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் என் நாத்தனார் கல்யாணத்தில், மாலை மாற்றுவதற்கு முன்னால், மாமியாரே ஒரு புது வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பொட்டும் வைத்திருந்தார்.