பட்டாப்பட்டி அண்ணனின் வேட்டி

கரண்டு போய்விட்டதா என்று அறிய மீனாட்சிபுரத்தில் யாரும் விளக்கைப் பார்த்ததில்லை. பட்டாப்பட்டி அண்ணனின் இடுப்பைத்தான் பார்த்தார்கள். வேட்டி இருந்தால் கரண்டு உண்டு. பட்டை போட்ட நிக்கர் மட்டும் தெரிந்தால் ஊரே இருட்டு.

எழுபதுகளில் அங்கே பால் சொசைட்டியில் பால் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தக் கூத்தைப் பார்த்தேன். கரண்டு போனதும் ஜெனரேட்டர் ஓட்டும் அண்ணன் ஓடி வந்தார், மெயின் சுவிட்சை இறக்கினார், வேட்டியை உருவி சுவிட்சின் கைப்பிடியில் மூன்று முடிச்சுப் போட்டார். பிறகுதான் ஜெனரேட்டர். பால் ஊற்ற வந்த பெண்கள் பழகிப்போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னண்ணே இது அநியாயம்!" என்று அலறினேன்.

"மெயினு மேல கெடந்தா நம்ம ஜெனரேட்டர் கரண்டு திலும்பிப் போஸ்டுக் கம்பத்துக்குப் போயிருமுங்க. அங்க எவனாச்சும் ஏறி நின்னான்னா, சோலி முடிஞ்சுது."

"அதுக்குக் கயிறு கட்டக்கூடாதா?"

"கயித்த எவன் வேணா அவுப்பானுங்க. என்ற வேட்டிய அவுக்க எவனுக்குங்க தைரியம் வரும்?"

ஒருமுறை சொசைட்டித் தலைவரே பால் திரிந்துவிடும் என்று குதித்தார். அப்போதும் அண்ணன் மெயினை இறக்கி, முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் ஜெனரேட்டரைத் தொட்டார். போன கரண்டு திரும்பி வந்தாலும் நம்பமாட்டார். ஒரு பீடி முழுதாகப் புகைந்து தீரும்வரை அது நிலைத்தால்தான் வேட்டி இடுப்புக்குத் திரும்பும்.

அவர் மகள் சரசுவைப் பெண் பார்க்க நல்லேப்பிள்ளியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கரண்டாபீசில் உத்தியோகம். இதற்குமுன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால், "இன்னிக்காவது கயிறு கட்டுங்கண்ணே" என்று கெஞ்சியிருந்தேன். பஜ்ஜி தட்டு வந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றது. ஜரிகை வேட்டியோடு சொசைட்டிக்கு ஓடியவர் பட்டை நிக்கரோடு திரும்பி வந்து, சம்பந்தி அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார்.

சரசு உள்ளே ஓடிவிட்டாள்.

"எந்திரிடா! துணியில்லாத ஊட்டுல சம்பந்தமா?" அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை எழவில்லை. "ஏனுங்க மாமா, வேட்டி எங்கீங்க?"

"மெயினுல கட்டியிருக்குதுங்க. போஸ்டுல யாராச்சும் ஏறியிருந்தா..."

பையன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். பிறகு, "உக்காருங்கம்மா" என்றான். "தெனமும் போஸ்டுல ஏறுறவன் நாந்தான்."

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் அண்ணனுக்கு இரண்டு வேட்டி எடுத்தார்கள்: ஒன்று இடுப்புக்கு, ஒன்று சுவிட்சுக்கு. மனுசன் கடைசிவரை இடுப்பிலிருந்ததையே உருவிக் கட்டினார். இன்று எங்கேயாவது கம்பத்தில் ஓர் ஆள் ஏறி நிற்பதைக் கண்டால், கீழே அண்ணன் அரை நிக்கரோடு காவல் இருக்கமாட்டாரா என்று மனம் ஏங்குகிறது.