இருபதாம் படி மைனஸ்

ஒழுங்குப் பித்தர் என்றொரு வகை மனிதர் உண்டு. பஸ் டிக்கெட் எண்ணைக் கூட்டிப் பார்ப்பார், கரண்ட் போகிற நாட்களில் ஒரு முறையைக் காண்பார், எதிர்வீட்டுக்காரரின் தும்மலிலும் தாளம் பிடிப்பார். தாளம் தப்பினால்? குற்றம் தும்மியவர் மீதுதான்.

திருத்தணி வரதராஜன் இதில் முற்றிய கேஸ். எந்த எண்ணையும் மேற்கொண்டு வகுபடாத பகா எண்களாக உடைப்பார். துண்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் பிளஸ், ஒற்றைப்படை என்றால் மைனஸ். பன்னிரண்டு என்பது இரண்டு, இரண்டு, மூன்று. மூன்று துண்டு, ஆகவே மைனஸ். இந்தக் குறிகள் சுண்டிவிட்ட காசு பூவா தலையா என்று விழுவதுபோலத்தான் வருகின்றன என்கிறார்கள் கணிதம் படித்தவர்கள். அவர்களை நினைத்து வரதராஜன் பரிதாபப்பட்டார்.

மகள் யுவஸ்ரீக்கு மலைக்கோயிலில் கல்யாணம். சொந்தபந்தமெல்லாம் வேனில் ஏற, பெண்ணைப் பெற்றவர் மட்டும் படிக்கு ஓர் எண்ணாக, இந்தக் குறிகளுக்குத் தாம் கண்ட விதியைச் சோதித்துப் பார்க்கப் படிவழியே கிளம்பினார்.

"முகூர்த்தத்துக்கு வந்துடுவீங்க இல்ல, நைனா?"

"ஆங், உனக்கு முன்னாடி நிப்பேன், போம்மா."

அடுத்தடுத்து இரண்டு மைனஸ் வந்தால் அதற்கடுத்தது பிளஸ்: இதுதான் விதி. நான்காம் படி ஒத்துக்கொண்டது. ஒன்பதாம் படியும் ஒத்துக்கொண்டது. பதினொன்று, பன்னிரண்டு இரண்டும் மைனஸாக இருக்க, பதிமூன்றும் மைனஸ் என்று முறைத்தது. உடனே விதியைத் திருத்தினார்: அடுத்தடுத்து மூன்று மைனஸ் வந்தால்தான் அதற்கடுத்தது கட்டாயம் பிளஸ். பதினான்கு ஆமாம் போட்டது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, மூன்றும் மைனஸ். வெற்றிக் களிப்போடு இருபதில் காலை வைத்தார். அதுவும் மைனஸ்.

மகள் கல்யாணம் என்ற நினைப்புள்ள எவனும் சிரித்துவிட்டு மேலே ஓடியிருப்பான். இவர் கீழே இறங்கி முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கினார். மனைவி புஷ்பலதா போனில் கூப்பிட்டார்.

"எங்க கீறீங்க? ஐயரு பொண்ணோட அப்பாவ கூப்புட்டுகினே கீறாரு."

"வந்துகினே கீறேன். ஒரே ஒரு படிதான் இடிக்குது."

மலைமேல் கெட்டிமேளம் கேட்டது. தாரை வார்த்துக் கொடுத்தவர் பெண்ணின் சித்தப்பா பெருமாள். வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த வரதராஜன், மாலையும் கழுத்துமாக நின்ற மகளிடம் முதலில் சொன்னது இதுதான்:

"நடுவுல எவனோ ஒரு படிய புச்சா கட்டிகீறாம்மா. இல்லன்னா கணக்கு தப்பாது."

யுவஸ்ரீ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நல்ல வேளை, நாம் இந்த ரகமில்லை என்கிறீர்களா? இருபது மைனஸ்தானா என்று சற்றுமுன் மனதுக்குள் உடைத்துப் பார்த்தீர்களே, அந்தப் பெண் அழுதாளா என்று கேட்டீர்களா?