சக்கரம் வரைக்கும் சேறு

சோழபுரம்,
ஞாயிறு மத்தியானம்.

மரியாதைக்குரிய பெரியப்பா மகன் லிங்கேஸ்வரன் அண்ணனுக்கு, தங்கை சிவரஞ்சனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், இரண்டு ஆடுகள், எல்லோரும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீங்களும் மதினியும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் நீங்கள், "டேங்க் எப்பம்மா வரும்?" என்று கேட்டதற்கு "ம்" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். நேரில் பேசினாலே எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும், போனில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வினோத் அண்ணன் பட்டாளத்திலிருந்து வந்த கடைசி லீவில் ஒட்டிமுடித்த அந்த ஒரு சாண் நீள பிளாஸ்டிக் பொம்மைப் பீரங்கி டேங்க், அவன் படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. "அடுத்த லீவுக்கு வந்து சேறு பூசிக்கிடுதேன், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவன், ஆற்றைக் கடக்கும் பயிற்சியில் நிஜ டேங்க்கோடு சேற்றில் புதைந்து போய்விட்டான். அவன் நினைவு நாளுக்கு உங்கள் படைப்பிரிவில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க, அவன் ஆசைப்பட்டபடியே சேறு பூசி அனுப்பச் சொன்னீர்கள். பூசத் தெரியாமல் இல்லை அண்ணா. நடந்ததைக் கேளுங்கள்.

டேங்க்குக்குப் பூச நீங்கள் அனுப்பிய நிறப்பொடிக் குப்பிகள் வந்த அன்றே திருவில்லிபுத்தூரிலிருந்து பாண்டிசெல்வி அத்தையும் வந்தாள். படத்துக்கு முன்னால் விளக்கு, பக்கத்தில் டேங்க், அதன் பக்கத்தில் குப்பியில் பொடி. அத்தை கண்ணை மூடிக் கும்பிட்டாள், துரு நிறப் பொடியைக் கொட்டி நெற்றி நிறையப் பூசினாள். 'அத்தே, அது டேங்க்குக்குத் துரு' என்று சொல்ல எனக்கு வாய் வருவதற்குள் கழுத்திலும் பூசிவிட்டாள். "எந்தக் கோயில்லட்டி வாங்குனது? நல்லா ஒட்டுதே!" என்றாள். நன்றாகத்தான் ஒட்டியது. மறுநாள் கல்யாண வீட்டுப் பந்தியில் அத்தை துருப்பிடித்த நெற்றியோடு சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சேற்றுக்குக் கண்மாய்க் கரம்பை மண்ணைக் காயவைத்து, இடித்து, டீ வடிகட்டியில் சலித்து, பசைத் தண்ணீரில் குழைத்து, பழைய பல் பிரஷ்ஷால் சக்கரச் சங்கிலியில் தட்டித் தட்டி வைத்தேன். காய்ந்ததும் உண்மையாகவே ஓடி வந்து நின்ற வண்டி மாதிரி இருந்தது. ஆனால் அம்மா தினமும் படத்துக்குப் பூ வைத்துத் தண்ணீர் தெளிப்பவள். ஒருநாள் பார்த்தால் பீரங்கிக்குக் கீழே புல் முளைத்திருக்கிறது. வடிகட்டியில் விதை தப்பிவிட்டது. அப்பா வயலிலிருந்து வந்து குனிந்து பார்த்தார். "வெவசாயம் பாருலேன்னு எம்புட்டுச் சொன்னேன். அப்பக் கேக்காம ஓடிப்போயி, இப்ப டேங்க்ல நாத்துப் போட்டுருக்கான் பாரு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆட்டுக் கொட்டகைக்குப் போனவர் சாப்பிட வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா கழுவ ஆரம்பித்தாள். நான் பூசுவேன், காயும், அம்மா சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்துவிடுவாள். மறுபடி பூசுவேன், மறுபடி கழுவுவாள். "லிங்கேஸ் அண்ணன் பூசச் சொல்லிச்சும்மா" என்றேன். "அவன் சொல்லுவான். அன்னைக்குக் கரையில நின்னவந்தானே" என்றாள். மன்னியுங்கள் அண்ணா, இதை எழுதாமல் விடப் பார்த்தேன். டேங்க்கைத் துடைத்துக்கொண்டே அவளே கேட்டாள்: "சேறு எதுவரைக்கும்ட்டி ஏறுச்சாம்?"

சக்கரத்துக்கு மேலே பூசாதே என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அதையே சொன்னேன். "சக்கரம் வரைக்குந்தாம்மா."

"சக்கரம் வரைக்கும்னா இறங்கி நடந்து வந்துருப்பானே."

நான் மறுபடி கரம்பையை இடிக்கப் போனேன்.

ஆகவே இந்தத் தடவை ஆட்டுக் கொட்டகையில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பூசி, பெட்டியில் போட்டு, துணி சுற்றித் தைத்துவிட்டேன். நாளை ராஜபாளையம் போய்த் தபாலில் சேர்ப்பேன். சேறு பத்திரம். அங்கே யாரையும் கழுவ விடாதீர்கள். மதினிக்கு என் அன்பு, பாப்பா கன்னத்துக்கு ஒரு கிள்ளு. ஆடுகளும் விசாரித்ததாக அப்பா எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
சிவரஞ்சனி

பி.கு.: திங்கள் காலை. பெட்டியைத் தூக்கியபோது தையல் நெருக்கமாக இருந்தது. என் தையல் அப்படி இருக்காது. பிரித்தேன். டேங்க் பளபளவென்று, சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு, அண்ணனின் பழைய பனியனில் சுற்றியிருந்தது. அம்மா பின்னால் நின்று, "திரும்பப் பூசப் போறியாட்டி?" என்றாள். ஒரு சக்கரத்தின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் சேறு மிச்சமிருந்தது. குச்சியில் பஞ்சு சுற்றி அதையும் எடுத்தேன். "கரையேறி வந்துட்டான்னு இருக்கட்டும்" என்றாள் அம்மா. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள் அண்ணா. டேங்க்கைக் கழுவினபடி அப்படியே வையுங்கள். எண்ணெய் வாடை கொஞ்ச நாளில் போய்விடும்.