கண்ணாடிக்காரி

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். ராஜபாளையத்தில் நாம் குடியிருந்த வாடகை வீட்டுச் சுவருக்கு வாயும் இருந்தது, அந்த வாய்க்கு ஒரு செல்போனும் இருந்தது. அது தெரியாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பிள்ளைகளா, இந்தக் கதையை நீங்கள் இருவரும் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் முன்பின் தெரியாத ஒருவர் அதை என்னிடமே சொல்லிச் சிரித்தார். (அதில் என் கையில் ரோஜாப்பூ வேறு இருந்ததாம்!) அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாத கை. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் தாத்தா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்த வருஷம் அது. அவரைப் பார்த்துக்கொள்ள அம்மா உங்களையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். மடவார் வளாகத்தில் அம்மாவின் கூடப்பிறந்த உங்கள் மாமா வீடு, தாத்தாவும் அங்கேதான். இரண்டு மாசம் என்று போனது எட்டு மாசம் ஆகிவிட்டது. பஸ்ஸில் அரை மணி நேரம்தான். "இங்கனயே இருந்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வாங்க" என்று அம்மா எத்தனையோ முறை சொன்னாள். மாமனார் வீட்டில் போய்த் தங்க என் மீசை சம்மதிக்கவில்லை. (அப்போது அது பெரிய மீசை.)

தினமும் போனில் கேட்பாள். "எப்படி இருக்கீக?"

"எனக்கென்ன, ராசா மாதிரி இருக்கேன்."

அந்த நேரம் ராசா முந்தாநாள் குழம்பைச் சுட வைத்துக்கொண்டிருப்பார்.

நம் பக்கத்தில் ஒரு சொல் உண்டு: தேடுது. பிரிந்திருக்கிற ஏக்கத்தில் பிள்ளைக்கு அம்மாவைத் தேடுது என்போம். கன்றுக்குட்டிக்குக்கூடத் தேடும். ஆம்பளைக்குத் தேடினால் மட்டும் வெளியே சொல்லக்கூடாது என்று யாரோ எனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் சொல்லவில்லை. வீட்டில் பேச ஆளில்லாமல் மின்விசிறியோடு சண்டை போட்டேன்.

அப்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. கோட்டுப் போட்ட ஒருவர், மனச்சோர்வு போக தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று நேர்மறை உறுதிமொழி சொல்லுங்கள் என்றார். "நான் என்று சொல்லாதீர்கள். நண்பனிடம் பேசுவதுபோல் நீ என்று சொல்லுங்கள். ஒருநாளும் விடாதீர்கள்."

உறுதிமொழி என்றால் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் கையை நீட்டிக்கொண்டு கத்துவதுதான். ஒரு தாளில் எழுதினேன். 'நீ அழகு. உன் சிரிப்பு ஒன்று போதும். நீ தனியாக இல்லை, உனக்கு நான் இருக்கிறேன். உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன்.' தினமும் எடுத்துப் படித்தால் தாள் கிழிந்துவிடுமே என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் ஒருமுறை தாளைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். அட்டையில் ஓட்டை போட்டு, நூல் கட்டி, கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

காலை ஆறரைக்குக் குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறு பூசி, வலது கையை நீட்டி ஆரம்பிப்பேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட் இரைச்சலில் பதினைந்து வருஷம் கிடந்தவனுக்கு மெதுவாக என்றால் என்ன என்று தெரியாது. என் ரகசியம் தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும்.

பக்கத்து வீட்டு ராமலட்சுமி அக்கா பத்து நாள் பொறுத்திருக்கிறார். பதினோராம் நாள் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒம் வீட்டுக்காரரு காலங்காத்தால ஒருத்திகிட்டப் பேசுதாரு. நீ அழகுங்காரு, ஒன்ன விட்டுப் போகமாட்டேங்காரு. அவ மூச்சுக் காட்ட மாட்டேங்கா. ஊமையா இருப்பா போல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "உன்னை விட்டு எங்கேயும்" என்று நான் கை நீட்டி நிற்கையில் கதவு படார் என்று திறந்தது. வாசலில் அம்மா. பின்னால் குடையைக் கம்பு மாதிரி பிடித்துக்கொண்டு மாமா. அவர்களுக்குப் பின்னால் நீங்கள் இருவரும். எல்லோருக்கும் பின்னால், ஒன்றும் தெரியாதவர்போல் ராமலட்சுமி அக்கா.

"எங்க அவ?" என்றாள் அம்மா.

"எவ?"

மாமா கட்டிலுக்கு அடியில் குடையை விட்டுத் துழாவினார். பெரியவள் குளியலறையைப் பார்த்தாள். சின்னவள் அரிசி டிரம்மைத் திறந்து பார்த்தாள். (எவளையாவது அதில் வைப்பேனா?) அம்மா நேராக அடுப்படிக்குப் போனாள். அங்கே இரண்டு டம்ளரில் டீ.

"இது யாருக்கு?"

விளக்கம் சொல்வதாக நினைத்து அட்டையைக் கழற்றி நீட்டினேன். மாமா வாங்கிச் சத்தமாக வாசித்தார்.

"மாப்ள, லேமினேஷன் போட்டுக் குடுக்குற அளவுக்குப் போயிருச்சா?"

"அய்யோ, அது எனக்கு நானே சொல்றது!"

"ஒங்களுக்கு நீங்களே அழகா?" என்றாள் அம்மா. "எங்க, சொல்லுங்க பாப்போம்."

வேறு வழியில்லை. அத்தனை பேர் முன்னால் கையை நீட்டினேன். "நீ அழகு" என்றதும் ராமலட்சுமி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "உன் சிரிப்பு ஒன்று போதும்" என்றபோது மாமா குடையைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீ தனியாக இல்லை" என்று சொல்லும்போது கண்ணாடியைப் பார்த்தேன். எட்டு மாசமாக ஒரு முகம் மட்டும் தெரிந்த கண்ணாடியில் அன்று இடமே இல்லை. தரையில் உட்கார்ந்திருந்த மாமா தவிர எல்லோரும் முண்டிக்கொண்டு நின்றீர்கள். நீட்டிய கையை இறக்கிவிட்டேன்.

"அப்ப அந்த டீ?" என்று சின்னவள் விடாமல் கேட்டாள்.

"ஒரு டம்ளருக்கு டீ போட எனக்குத் தெரியாது, தாயி. கை தன்னால ரெண்டு டம்ளருக்குப் போட்டுருது. ரெண்டையும் நானே குடிச்சிருவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா இரண்டாவது டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

"ஆறிப்போச்சு," என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தேடுதுன்னு ஒரு வார்த்த போன்ல சொன்னா மீச உதுந்துருமா?"

அன்று சாயங்காலமே மீசையோடு மடவார் வளாகம் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடியில் இருந்தவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்தது மாமாதான். தோசை ஒன்று மிஞ்சினால், "இது கண்ணாடிக்காரிக்கு" என்பாள் அம்மா. நான் தலை சீவ நின்றால், "அப்பா, அவளக் கேட்டதாச் சொல்லு" என்பீர்கள்.

இப்போது பெரியவள் கோயம்புத்தூரில். சின்னவள் சென்னையில் ஹாஸ்டலில். பெரியவளின் பிரசவத்துக்கு என்று அம்மாவும் போய் ஒரு மாசம் ஆகிறது. அட்டை ஓரம் மஞ்சள் அடித்துவிட்டது, எழுத்து இன்னும் அழியவில்லை. டீயும் இரண்டு டம்ளர்தான்.

இன்று காலை பெரியவள் போனில் கேட்டாள், "அப்பா, கண்ணாடிக்காரி எப்படி இருக்கா?"

ராசா மாதிரி என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"இருக்கா, தாயி. ஒங்களத்தான் ரொம்பத் தேடுதாம்."

அந்தப் பக்கம் அம்மா போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

"கிளம்பி வாங்க. பஸ்ல ரெண்டு டிக்கெட்டு எடுத்துறாதீக."