நூறு மார்க் முட்டி

அறுபது வயது வாட்ச்மேனின் முட்டிக்கு மிஷின் நூற்றுப் பத்து மார்க் போட்டது. எந்த வாத்தியாரும் நூற்றுக்கு மேல் போட்டதில்லை. டெக்னீஷியன் பெண்ணுக்குச் சந்தேகம் தட்டியது.

"ஏண்ணே, முட்டி வலியே கிடையாதா?"

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியலம்மா."

முட்டிக்குள் ஒளியைப் பாய்ச்சி, குருத்தெலும்பு தேய ஆரம்பித்ததுமே காட்டிக்கொடுக்கும் மிஷின் அது. நல்ல முட்டிக்கு நூறு. தேயத் தேயக் குறையும். நல்ல முட்டி எப்படியிருக்கும் என்று அதற்குக் கற்றுக்கொடுக்க, மூன்று மாதம் முன்பு பெரிய டாக்டர் தன் முட்டியையே நீட்டினார். ஓட்டப்பந்தயக் கோப்பைகள் இன்னும் அவர் மேஜையில் இருக்கின்றன. அதன்பின் உறைபோட்டுக் கிடந்த மிஷினுக்கு வாட்ச்மேன்தான் முதல் ஆள்.

இன்று மதியம் ஆய்வு அதிகாரி வருகிறார். மிஷின் சொதப்பினால் ஆளை மாற்றிவிடுவேன் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அவருடைய மச்சினன் வேலையில்லாமல் சுற்றுகிறான். நேற்று அவன் இந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததை அவள் பார்த்தாள். அவன்தான் எதையோ நோண்டியிருக்க வேண்டும்.

விளக்கை மாற்றிவிட்டு ரிசப்ஷன் பெண்ணை உட்காரவைத்தாள். நூற்று முப்பது. வெளி வெளிச்சம் உள்ளே வருகிறதோ என்று ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுத் தன் முட்டியையே காட்டினாள். நூற்று நாற்பது. டாக்டருக்குப் போன் போட்டாள்.

வந்தவர் போர்வையை முறைத்தார். "என்ன நோண்டினே?"

"நான் எதையும் தொடலை சார். உங்க மச்சினன்தான் நேத்து..."

"அவனை ஏன் இழுக்கிறே? நகரு. மறுபடியும் என் முட்டியையே காட்டு."

கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். அவள் மிஷினுக்கு மறுபடி பாடம் நடத்தினாள். வாட்ச்மேனைத் திரும்பக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தாள். நூற்று இருபத்தைந்து.

"நாளைக்கு ஓட்டப்பந்தயத்துல பேர் குடுத்துரட்டுமா?" என்றார் வாட்ச்மேன்.

அந்த நேரம் பார்த்து ஆய்வு அதிகாரி உள்ளே வந்தார். டாக்டர் படுத்தபடியே ஆரம்பித்தார்.

"மிஷின்ல குறையில்லை சார். இந்தப் பொண்ணுதான் சரியில்லை. நாளைக்கே வேற ஆள் போட்டுடறேன்."

அவள் ஜன்னல் போர்வையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அதை அப்புறம் பேசலாம். நீங்க முதல்ல எறங்குங்க" என்றார் அதிகாரி.

டாக்டர் எழுந்து உட்கார்ந்தார். இறங்கவில்லை. மூலையில் தரை பெருக்கிக்கொண்டிருந்த ஆயா, துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வந்து தோளைக் கொடுத்தாள்.

"வழக்கம்போல பிடிச்சுக்கங்க சார். மாடிப்படிக்குத்தான் உங்க முட்டி மக்கர் பண்ணும்னு நினைச்சேன், இப்ப கட்டிலுக்குமா?"