வலைப்பூவில் விழுந்த நல்லகாமன்

நல்லகாமன் மின்சாரத்துக்குப் பயப்படாதவர். திருப்பரங்குன்றத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். த்ரீ ஃபேஸ் லைனில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்பார். மீசை மட்டும் தனியாக அரைக் கிலோ இருக்கும்.

ஆனால் மின்சாரத்தைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவார். பல்லிக்குப் பயம். ஊசிக்குப் பயம். போலீசுக்குப் பயம். பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு எல்லாவற்றையும்விடப் பயம். இந்தக் கடைசிப் பயம் இப்போது வீட்டுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி சத்யப்ரியா பி.எட். படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், ஒரு சாயங்காலம். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவரிடம் சத்யப்ரியா சொன்னாள்.

"மாமா, எங்க காலேஜ் மேடம் எல்லாரையும் வலைப்பூ ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க."

"பூவா? மொழம் எம்புட்டாம்?"

"மொழம் போடுற பூ இல்ல மாமா. இண்டர்நெட்டுல எழுதுறது. பாடம் எப்படி நடத்துறோம், படிக்கிறவங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு எழுதணும். ஒலகமே படிக்கும். கீழ பின்னூட்டம் போடுவாங்க."

"பின்னாடி நின்னு ஊட்டுவாகளா?"

"படிச்சவங்க அவங்க கருத்தச் சொல்றதுக்குப் பேரு பின்னூட்டம்."

நல்லகாமன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"நம்ம வீட்டு விசயமெல்லாம் எழுதுவியா புள்ள?"

"சேச்சே. பாடம் மட்டுந்தான்" என்றாள். சொல்லிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். இட்லி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்ப்போமே, அந்த மாதிரிப் பார்வை.

மறுநாள் பக்கத்துக் கடை அழகுமலையிடம் விஷயத்தைச் சொன்னார். அழகுமலை பி.வி.சி. பைப் விற்பவர். ஓய்வு நேரத்தில் பீதியும் விற்பார்.

"கெட்டுச்சு போ மாப்ள! எங்க சகலபாடி ஆபீசுல ஒருத்தரு. அவரு சம்சாரமும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. மொத மாசம் கோலம் பத்தி எழுதுச்சு. ரெண்டாம் மாசம் கொழம்பு பத்தி."

"மூணாம் மாசம்?"

"புருசனப் பத்தி."

"அப்புறம் அந்தப் புருசன்?"

அழகுமலை வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். எந்தப் பேச்சையும்விட அந்தப் பெருமூச்சு நல்லகாமனை அதிகமாக ஆட்டிவிட்டது.

சனிக்கிழமைதோறும் சத்யப்ரியா பிரவுசிங் சென்டருக்குப் போவாள். அந்தச் சனிக்கிழமை அவள் உள்ளே போனதும் நல்லகாமன் எதிரே இருந்த வாழைத்தார்க் கடையில் ஒரு தாருக்குப் பின்னால் நின்றுகொண்டார். மீசை மட்டும் வெளியே தெரிந்தது. அவள் கிளம்பிப் போனதும் சந்துக்குள் பதுங்குகிற பூனை மாதிரி உள்ளே நுழைந்தார்.

சென்டர் நடத்துகிறவர் சூடாமணி. சௌராஷ்டிரக்காரப் பெண்மணி. ஜெராக்ஸ் மெஷினுக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே ராணி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"வாங்கண்ணே. உங்க வீட்டுக்காரம்மா இப்பத்தான் போறாங்க."

"அப்படியா?" என்று நல்லகாமன் ஆச்சரியப்பட்டார். "அவ எழுதுறத நான் படிக்கணும். அவளுக்குத் தெரிய வேணாம். ஆச்சரியப்படுத்தணும்."

சூடாமணி சத்யப்ரியா உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே அவரை உட்காரவைத்து, பக்கத்தைத் திறந்து கொடுத்தார். நல்லகாமன் மவுசைத் தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்தார். நானூற்று நாற்பது வோல்ட்டுக்குப் பயப்படாத கை அது. பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

'பெரியவர்களுக்குக் கற்பித்தல்: ஒரு பரிசோதனை. என் மாணவர் பெயர் ந. வயது முப்பத்தைந்து. ஈரத் துண்டைக் கட்டிலில் போடும் பழக்கம் உடையவர். கண்டித்தால் பழக்கம் கூடியது. ஆகவே முறையை மாற்றினேன். துண்டைக் கொடியில் காயப்போடும் நாட்களில் மட்டும் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். இரண்டே வாரத்தில் திருந்திவிட்டார். தனக்குப் பாடம் நடத்தப்பட்டது மாணவருக்கு இன்றுவரை தெரியாது.'

'யாரு பெத்த பிள்ளையோ, பாவம்' என்று நல்லகாமன் உச்சுக் கொட்டினார். 'கருவாட்டுக்கு ஆசைப்பட்டு மானத்த விட்டுட்டானே' என்று வருத்தப்பட்டார். அப்புறம்தான் கருவாடு என்ற சொல் மெதுவாக மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த 'ந' அவரேதான்.

கீழே பின்னூட்டங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: 'அருமை! என் கணவரிடமும் இதே முறையைச் செய்து பார்க்கப் போகிறேன். இங்கே கருவாடு எங்கே கிடைக்கும்?'

அதற்கும் கீழே ஓர் அறிவிப்பு: 'அடுத்த வாரம்: பல்லியைக் கண்டு அலறும் மாணவரை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?'

நல்லகாமன் கண்ணை மூடிக்கொண்டார். உசிலம்பட்டிக்காரர்கள் வரிசையாக வந்து, கடை வாசலில் நின்று, "பல்லி போயிருச்சா அண்ணே? மோட்டார எறக்கலாமா?" என்று கேட்பது போலத் தெரிந்தது. அந்த இடத்திலேயே சபதம் செய்தார். இந்தப் பூ இந்த வாரமே உதிர வேண்டும். முடிந்தால் படிப்பும் சேர்ந்து.

"தங்கச்சி, இதுல கருத்துச் சொல்லணும்னா எப்படி?"

சூடாமணி தமிழில் அடிக்கும் விதத்தைக் காட்டிவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் அம்மா வந்து நின்றது. நல்லகாமன் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார்.

"மெதுவாண்ணே! அது கீபோர்டு. அம்மிக்கல்லு இல்ல."

வெகுநேரம் குத்தியதில் இப்படி ஒன்று உருவானது: 'அம்மணி, இம்புட்டு துணிச்சல் ஆகாது. கனவனைப் பற்றி எழுதும் பெண் வாத்தியார் வேலைக்கு லாயக்கு இல்லை. படிப்பை உடனே நிறுத்தவும். இல்லை என்றால் காலேஜுக்குப் புகார் போகும். இப்படிக்கு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கோயம்புத்தூர்.'

அனுப்பிவிட்டு வேர்வையைத் துடைத்தார். தன்னை மதுரைக்காரன் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று திருப்தியாக இருந்தது. அம்மணி என்று போட்டிருக்கிறாரே!

திங்கட்கிழமை சாயங்காலம் சத்யப்ரியா காலேஜிலிருந்து முகம் வாடி வந்தாள்.

"மாமா, எவனோ ஒருத்தன் என்னைய மெரட்டி எழுதிருக்கான்."

"அடடா" என்றார் நல்லகாமன். "பெரிய மனுசன் யாராச்சும் நல்லதுக்குச் சொல்லிருப்பாரு. விட்டுரு. எழுதுறதயும் விட்டுரு."

"மேடம் விடமாட்டேன்னுட்டாங்க. சைபர் க்ரைம்ல புகார் குடுக்கப் போறாங்களாம்."

"சைபர் க்ரைமா? சைபர்னா ஒண்ணுமில்லன்னுதான புள்ள அர்த்தம்?"

"ஆமா மாமா. அதுக்கு முன்னாடி ஒரு ஒண்ணு போட்டா பத்து வருசம்."

அன்றிலிருந்து நல்லகாமனுக்குத் தூக்கம் போனது. காக்கி எங்கே தெரிந்தாலும் ஒதுங்கி நின்றார். ஆட்டோக்காரர் சவாரிக்குக் கூப்பிட்டதற்கு, "நான் இல்லீங்க" என்று பதில் சொன்னார். கரண்டு ஆபீஸ் லைன்மேன் டீ குடிக்க வந்தபோது கடைக்குள் பெரிய மோட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பிரவுசிங் சென்டரைத் தாண்டும்போது சூடாமணி போனில் தன் வீட்டு மொழியில் யாரிடமோ பேசிக்கொண்டே இவரைப் பார்த்தார். நடுவில் 'போலீஸ்' என்று காதில் விழுந்தது. பாலியஸ்டர் என்பதாகவும் இருக்கலாம். சூடாமணியின் அண்ணன் சேலை வியாபாரி. ஆனால் நல்லகாமன் அதற்குள் ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டார்.

புதன்கிழமை கடை வாசலில் நிஜமாகவே ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றார்.

"நல்லகாமன் யாருங்க? ஸ்டேஷன் வரைக்கும் வரணும். ஏட்டய்யா கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு."

நல்லகாமன் வாட்சைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். இரண்டையும் அழகுமலை கையில் வைத்து, "மச்சான், சத்யாகிட்டக் குடுத்துரு. நல்லா படிக்கச் சொல்லு" என்றார். அழகுமலை வழக்கம்போல வானத்தைப் பார்த்தார்.

ஸ்டேஷனில் ஏட்டய்யா நிமிர்ந்து பார்த்ததுமே நல்லகாமன் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா, நான் வேணும்னே எழுதலங்கய்யா!"

"என்னத்தய்யா எழுதல?"

"அந்த..."

"பில்லத்தான சொல்ற? அதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம். மொதல்ல பின்னாடி போயி மோட்டாரப் பாரு. ரெண்டு நாளா தண்ணி ஏறல."

நல்லகாமன் மோட்டாரைக் கட்டிப்பிடித்து அழாத குறை. அன்று மாலைக்குள் காயில் கட்டி, தண்ணீர் ஏற்றி, காசு வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தார். இப்படி ஒரு நல்ல குடிமகனை அந்த ஸ்டேஷன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் சத்யப்ரியா புதுச் செய்தி வைத்திருந்தாள்.

"மேடம் ஒரு வழி சொல்றாங்க மாமா. அந்தாளு தானா மன்னிப்புக் கேட்டு எழுதிட்டா, புகாரெல்லாம் வேணாங்கிறாங்க. ஆனா அவன் எழுதவா போறான்?"

"எழுதுவாரு, எழுதுவாரு" என்றார் நல்லகாமன். "நல்ல குடும்பத்து ஆளு மாதிரித் தெரியுது."

மறுநாள் காலையில் சூடாமணி ஷட்டரைத் தூக்கும்போது நல்லகாமனும் கைகொடுத்துத் தூக்கினார். 'கனவன் பற்றித் தவறாகப் பேசியதற்கு மன்னிப்பு' என்று எழுதிவிட்டு ஓடிவந்தார்.

சாயங்காலம் சத்யப்ரியா சொன்னாள். "மன்னிப்பு வந்துச்சு மாமா. மேடம் ஏத்துக்கல. கணவனுக்கு ரெண்டு சுழி போட்ருக்கான். ரெண்டு சுழி போட்டா கனவு காண்றவன். மூணு சுழி போட்டாத்தான் புருசன்."

அடுத்த நாள் மூன்று சுழி போட்டு எழுதினார். அதுவும் திரும்பி வந்தது.

"இப்ப என்னவாம்?"

"எதுக்காக அப்படிச் செஞ்சாருன்னு காரணமே இல்லியாம். காரணம் இல்லாம மன்னிப்புக் கேட்டா அது மனப்பாடமாம். சொந்தமா யோசிச்சு எழுதணுமாம்."

மூன்றாவது தடவை நல்லகாமன் கீபோர்டு முன்னால் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். இந்தத் தடவை குத்தவில்லை. விரல் தானாகவே எழுத்தைத் தேடிப் போனது.

'நான் தலைமை ஆசிரியர் இல்லை. கோயம்புத்தூரைப் பார்த்ததும் இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். என் மனைவி வாத்தியாராகப் போகிறாள். அவள் வகுப்புக் கதை சொல்லும்போது நான் தலையை ஆட்டுவேன். பாதி புரியாது. கேட்டால் மட்டமாக நினைப்பாளோ என்று கேட்க மாட்டேன். படித்து முடித்துவிட்டால் என்னிடம் பேச அவளுக்கு ஒன்றுமே இருக்காது என்று பயம். பல்லியைவிட அதுதான் பெரிய பயம். அதனால் மிரட்டினேன். இனி அவள் எம்புட்டு வேண்டுமானாலும் படிக்கட்டும். நான் படிக்க வைக்கிறேன். என்னைப் பிடித்துக் கொடுத்துவிடாதீர்கள்.'

அன்று சாயங்காலம் சத்யப்ரியா கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். கண் சிவந்திருந்தது. நல்லகாமனால் தாங்க முடியவில்லை.

"புள்ள... அந்தக் கோயம்புத்தூர்க்காரரு..."

"நீங்கதான்."

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே. நான் என் வலைப்பூக் கணக்க மூடாம எந்திரிச்சு வந்துட்டேன். நீங்க அதே சீட்டுல உக்காந்து எழுதிருக்கீங்க. மெரட்டலு சத்யப்ரியாங்கிற பேருலயே வந்துருந்துச்சு. படிப்ப நிறுத்துன்னு இருந்ததப் பாத்து மொத நிமிசம் நெசமாவே பயந்துட்டேன் மாமா. அப்புறந்தான் பேரப் பாத்தேன். எந்தக் கோயம்புத்தூர் வாத்தியாரு இம்புட்டுன்னு எழுதுவாரு?"

"அப்ப போலீசு?"

"போலீசுக்கு வேற வேல இல்லியா?"

"மேடம்?"

"கம்ப்யூட்டருக்குப் பயப்படுற பெரியவங்க ஒருத்தர சொந்தமா எழுத வைக்கணும். அதுதான் எங்க செய்முறைத் தேர்வு. வகுப்புல இன்னைக்கு நீங்க எழுதினதத்தான் வாசிச்சாங்க. என் மாணவருதான் மொதல் மார்க்கு."

நல்லகாமனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் 'மொதல் மார்க்கு' என்ற சொல் வழியில் நின்று அதை மறித்தது. பள்ளிக்கூட நாட்களில் அவருக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

"சரி, போகட்டும். இந்த வருசத்தோட படிப்பு முடியுதுல்ல?"

"பி.எட். முடியுது மாமா. எம்.எட். சேரப் போறேன்."

"யாரக் கேட்டு?"

"எம்புட்டு வேணாலும் படிக்கட்டும்னு நீங்கதான எழுதிருக்கீங்க? ஆஸ்திரேலியா வரைக்கும் படிச்சுட்டு உங்களப் பாராட்டிருக்காங்க."

நல்லகாமன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. சூடாமணி கடை பூட்டுவதற்குள் போய்விடலாம் என்று செருப்பைத் தேடினார்.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க?"

"அத அழிக்கணும்!"

சத்யப்ரியா குழம்புச் சட்டியை நிதானமாக மூடினாள்.

"அழிக்கிறது எப்படின்னு நான் இன்னும் உங்களுக்குப் பாடம் நடத்தலையே மாமா."