முந்திரிகை அண்ணையின் நாலாம் தலைமுறை வைன்

மொன்றியலில் முந்திரிகை அண்ணையைப் போல வைனை நேசித்த மனிதர் இன்னொருவர் கிடையாது. அவரைப் போல மோசமான வைன் செய்தவரும் கிடையாது. இருபது வருடமாக அந்த மனிதர் மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் வினாகிரி, அதாவது வினிகர், செய்துகொண்டிருந்தார். வைன் செய்வதாக நம்பிக்கொண்டிருந்தார். நம்பவைத்தவர்கள் நாங்கள். அவருடைய போத்தலைத் திறந்த தமிழன் ஒவ்வொருவனும் பொய்யன். முதலாம் நம்பர் பொய்யன் இந்தப் பத்தியை எழுதுகிறவன்.

முந்திரிகை என்றதும் தமிழ்நாட்டு வாசகர்கள் பாயாசத்துக்குப் போடும் பருப்பை நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் திராட்சைக்கு அதுதான் பெயர். அண்ணைக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் பன்னிரண்டு வருடம் அவரோடு போர்க்லிஃப்ட் ஓட்டியும் அது எனக்குத் தேவைப்பட்டதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு நேரத்தில் கைகொடுத்து அறிமுகமானார்.

"தம்பி, நாங்கள் நாலு தலைமுறையா வைன் செய்யிற குடும்பம். நீர் என்ன குடும்பம்?"

எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக ஒருவரும் எதையும் உருப்படியாகச் செய்ததில்லை. "நாங்கள் சும்மா குடும்பம் அண்ணை" என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்துத் தந்தார்.

அவருடைய பூட்டனார் யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் முந்திரிகைப் பந்தல் போட்டு, பூசைக்கு வேண்டிய முந்திரிகை இரசத்தைத் தானே செய்து கோயிலுக்குக் கொடுத்தாராம். பிறகு அப்பப்பா, பிறகு தகப்பன், பிறகு இவர். நான் முதல்முறை கேட்டபோது அந்த இரசத்தைக் குடித்து மெச்சியவர் பங்குச்சாமியார். அடுத்த வருடம் மெச்சியவர் ஆயராகிவிட்டார். நான் களஞ்சியத்தை விட்டு விலகும்போது கதை ரோமாபுரிக்குக் கிட்டப் போய்விட்டது.

போத்தலில் ஒட்டும் சீட்டில் பூட்டனாரின் படம் இருக்கும். தலைப்பாகை, முறுக்கு மீசை, கறுப்பு வெள்ளை. கீழே தமிழிலும் பிரெஞ்சிலும் 'நாலாம் தலைமுறை' என்று அச்சடித்திருக்கும். பூட்டனார் காலத்தில் படம் எடுக்க யாரிடம் வசதி இருந்தது? மனைவி மலர் அக்காவின் சேலையைத் தலையில் சுற்றி, மீசை ஒட்டி, இவரே நின்று எடுத்த படம் அது. எல்லாம் கச்சிதமாக இருந்தது, கையில் கட்டியிருந்த டிஜிற்றல் மணிக்கூட்டைக் கழற்ற மறந்துவிட்டார். ஒருமுறை நான் அதைச் சுட்டிக்காட்டினேன்.

"எங்கட பூட்டனார் நேரம் தவறாத மனுசன்" என்றார். அதற்குமேல் என்னத்தைக் கதைப்பது!

செப்டெம்பர் பிறந்தால் கலிபோர்னியாவிலிருந்து முந்திரிகைப் பெட்டிகள் இத்தாலியர் சந்தைக்கு வந்திறங்கும். அண்ணை ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடப்பார். பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, காலைக் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டி, செபம் சொல்லிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி மிதிப்பார். அதிலிருந்து மூன்று கிழமைக்கு வீட்டில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஓடக்கூடாது. அதிர்ந்தால் வைன் பயந்துவிடுமாம். மலர் அக்கா உடுப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு லோண்டரிக்குப் போவார்.

"இந்த மனுசன் என்னைக் கட்டினதோ, பீப்பாயைக் கட்டினதோ தெரியேல்ல" என்பார் அக்கா.

அந்தப் பீப்பாய்தான் எல்லா வினைக்கும் காரணம். ஒருவர் உள்ளே குந்தியிருக்கக்கூடிய பெரிய ஓக் பீப்பாய். முதல் வருட வைன் எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியாது, நல்லாயிருந்தது என்றுதான் அக்கா சொல்வார். இரண்டாவது வருடம் அண்ணை தன் மூளையைப் பாவித்தார். பீப்பாயை முழுவதும் வெறுமையாக்காமல், அடியில் பழைய வைனில் ஒரு வாளியளவு விட்டு, அதன்மேல் புதியதை ஊற்றினார்.

"தயிருக்கு உறைமோர் விடாமல் தயிர் வருமோ? வைனுக்கும் அதுதான். பழசு புதுசுக்குச் சொல்லிக்குடுக்கும். இதுதான் தம்பி பரம்பரை."

பழையது புதியதற்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்தது. எங்கேயோ ஒரு வருடம் பீப்பாய் புளித்திருக்கிறது. அந்தப் புளிப்பு வாளி வாளியாக அடுத்த வருடத்துக்குப் போய், அடுத்த வருடம் அதற்கடுத்த வருடத்துக்குப் போய், கடைசியில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாலே கண்ணில் நீர் வந்தது. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் ஒரு மிடறு குடித்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த கிழமை இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி எழும்பியது.

கிழவர் உண்மையான மனிதர். நாங்கள் தமிழர். எங்கள் சனம் ஒரு வீட்டில் வாயில் வைத்ததைப் பற்றி அந்த வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்லாது. கண்ணை மூடி, தலையை ஆட்டி, அருமை என்ற பொருளில் "திறம்" என்று சொல்லும். அது ஒரு மரியாதை. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் விமர்சனம் தொடங்கும். இதைக் குழந்தையிலிருந்தே எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள், நாங்களும் அதைப் பண்பாடு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

பிறந்தநாள், கல்யாணம், செத்தவீட்டு அந்தியேட்டி எதுவென்றாலும் அண்ணை போத்தலோடு வருவார். குவளையில் ஊற்றித் தந்துவிட்டு எங்கள் முகத்துக்குக் கிட்ட வந்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு, "எப்பிடி?" என்று கேட்பார்.

"திறமான சாமான் அண்ணை!"

கொண்டுவந்து தந்த போத்தல்களை என்ன செய்தோம்? எங்களோடு வேலைசெய்த செல்வம் வீட்டில் ஆட்டிறைச்சி ஊறப்போட்டார்கள். இன்னொருவர் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலுக்குள் படிந்த சுண்ணாம்பைக் கழற்றினார். நான் ஒரு போத்தலுக்கு விசிறுகிற மூடி பூட்டி யன்னல் துடைத்தேன். கோத் தெ நேஜ் பகுதியில் எங்கள் மாடி வீட்டு யன்னலைப் போலப் பளபளத்த யன்னல் அந்தத் தெருவிலேயே கிடையாது. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

அண்ணைக்கு ஒரே பிள்ளை, ஜெசி. சின்ன வயதிலிருந்து தகப்பனோடு தொட்டிக்குள் இறங்கி மிதித்த பிள்ளை. அவளுடைய வயதுப் பிள்ளைகள் மருந்தகம், வங்கி என்று படிக்க, இவள் போய் வைன் செய்யப் படித்தாள். மொன்றியலுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் இரண்டு வருடம் வேலையும் பழகினாள். அண்ணை கால் நிலத்தில் படாமல் திரிந்தார். "அஞ்சாம் தலைமுறை!" என்று களஞ்சியம் முழுக்கக் கத்தினார், கொள்கலன்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அந்த ஐந்தாம் தலைமுறை ஒரு நாள் நிலக்கீழ் அறைக்கு இறங்கி, பீப்பாயிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, துப்பியது.

"பப்பா, இது வினாகிரி. கிருமி மரத்துக்குள்ள இறங்கிட்டுது, கழுவினாலும் போகாது. அந்த வாளி மிச்சம் விடுறதாலதான் ஒவ்வொரு வருசமும் பழுதாகுது. பீப்பாயை உடைச்சு எறிவம். நான் புதுசாத் தொடங்கித் தாறன். நான் இங்கயே நிண்டு செய்யிறன், பப்பா."

"விசர்க்கதை கதையாத பிள்ளை! மொன்றியல் முழுக்கத் திறம் எண்டு சொல்லுது. நீ ரெண்டு வருசம் படிச்சுப்போட்டு எனக்குப் படிப்பிக்கிறியோ?"

வாக்குவாதம் முற்றி, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அந்தோனியார் திருநாளன்று அண்ணை வீட்டு வளவில் எல்லோருக்கும் சாப்பாடு. அங்கே அண்ணை வைன் ஊற்றுவார். கூடாது என்று ஒருவர் சொன்னாலும் பீப்பாயை உடைத்துவிட்டு அறைப் பூட்டின் திறப்பை மகளிடம் கொடுத்துவிடுவார். எல்லோரும் நல்லது என்றால் அவள் இனி வாய் திறக்கக்கூடாது.

திருநாளுக்கு முதல் நாள் ஜெசி மெற்றோ பிடித்து என் வீட்டுக்கு வந்தாள்.

"அங்கிள், பப்பா நீங்கள் சொன்னால்தான் நம்புவார். ஒரேயொரு தரம் உள்ளதைச் சொல்லுங்கோ. சில் வூ ப்ளே" என்று பிரெஞ்சிலும் கெஞ்சினாள்.

"அதுக்கென்ன பிள்ளை, சொல்லுறன்" என்றேன். சத்தியமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வளவில் நாற்பது பேர். அண்ணை வெள்ளை வேட்டியோடு வந்து முதல் குவளையை என்னிடம்தான் நீட்டினார். குடித்தேன். தொண்டை எரிந்தது. அவர் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். அறுபது வயது மனிதர், சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நின்றார்.

"எப்பிடி?"

ஜெசி படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும். 'புளிச்சிட்டுது அண்ணை' என்று சொன்னால் போதும்.

"திறம் அண்ணை" என்றேன்.

பிறகென்ன, நாற்பது பேரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். திறம், திறம், திறம். அண்ணை என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். ஜெசி படியால் இறங்கி வந்தாள். சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு வைன் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். நாலு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிற தோட்டமாம். எங்கள் ஐந்தாம் தலைமுறை அவர்களுடைய நாலாம் தலைமுறையிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறது. இதற்கு வழிசெய்து கொடுத்தது ஒரு மரியாதைச் சொல்.

தகப்பனும் மகளும் மூன்று வருடம் கதைக்கவில்லை. "எல்லாருக்கும் முன்னால தகப்பனைப் பொய்யனாக்கப் பார்த்தவள்" என்று அண்ணை என்னிடமே வந்து குறைசொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட தலை, எதற்கும் ஆடும்.

போன மாசி மாதம் எங்கள் குசினியில் குழாய் ஒழுகியது. அண்ணைக்குக் கைவேலை எல்லாம் தெரியும் என்று என் மனைவி என்னிடம் கேளாமல் அவரைக் கூப்பிட்டுவிட்டாள். நான் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது, அண்ணை கோப்பை கழுவுகிற தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு படுத்திருந்தார். யன்னல் துடைக்கிற சாமான்களை நான் வைத்திருந்தது அந்த அலுமாரிக்குள்தான். மெல்ல வெளியே வந்தார். அவருடைய கையில் விசிறு மூடி பூட்டிய போத்தல். சீட்டிலிருந்த பூட்டனார் மீசையோடு என்னைப் பார்த்தார்.

"யன்னல் துடைக்கவோ?"

"ஓம் அண்ணை."

"நல்லாத் துடைக்குமோ?"

"பளிச்செண்டு துடைக்கும்."

போத்தலைத் தொட்டி விளிம்பில் வைத்தார். "மற்ற ஆக்கள்?"

"செல்வம் வீட்டில ஆட்டிறைச்சி ஊறப்போடுவினம். பஞ்சு மாதிரி வருமாம்."

"அப்ப, பிள்ளை சொன்னது சரி" என்றார்.

ஏசுவார் என்று பார்த்தேன். போத்தலால் மண்டையில் போட்டிருந்தாலும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திரும்பவும் அலுமாரிக்குள் புகுந்து, குழாயை இறுக்கி, ஒழுகவில்லை என்று மூன்று தரம் பார்த்து, கையைக் கழுவினார். பாதி வேலையில் விட்டுப் போகிற மனிதர் அல்ல அவர். பிறகு தன் போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"பிள்ளைக்கு நீ எடுத்துச் சொல்லு. நான் சொன்னால் மன்னிப்புக் கேக்கிற மாதிரிப் போகும். நீ சொன்னால்தான் அவள் சொன்னது உண்மையெண்டு ஆகும்."

எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், யன்னலையும் சேர்த்து. 

"அங்கிள், அண்டைக்கு நீங்கள் சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "இப்ப எனக்கு இங்க எல்லாம் சரிவந்திட்டுது. திரும்பி வாறது கஷ்டம். பப்பாட்டப் போனைக் குடுங்கோ."

கொடுத்துவிட்டு பல்கனிக்குப் போய்க் குளிரில் நின்றேன். உள்ளே அண்ணை அழுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பதும் கேட்டது.

அந்தக் கிழமையே பீப்பாயை உடைத்தார். செப்டெம்பரில் சந்தைப் பக்கம் போகவில்லை. புதிதாகத் தொடங்குங்கள் என்று மகள் சொன்னாளாம், "ஆருக்குச் செய்யிறது?" என்று கேட்டாராம். இப்போது கொண்டாட்டங்களுக்கு வெறுங்கையோடு வருகிறார், ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். தப்பினோம் என்று சிலர் காருக்குள் இருந்து சொல்வது எனக்குக் கேட்கிறது.

போன மாதம் லொங்குய்க்குப் போனேன். ஜெசி தன் கையால் செய்த வைனில் ஒரு போத்தல் அனுப்பியிருந்தாள். அண்ணை திறந்து இரண்டு குவளையில் ஊற்றினார். நான் குடித்தேன். ஐயோ, என்ன வைன் அது! இரண்டாம் மிடறு விழுங்க மனம் வராமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அண்ணை தன் குவளையைப் பார்த்தபடி குடித்தார். என் முகத்துக்குக் கிட்ட வரவில்லை. வெளியே பனி கொட்டப்போகிறது, காருக்கு டயர் மாற்றிவிட்டாயா என்று விசாரித்தார். குவளை முடியும்வரை, எப்படி என்று ஒரு சொல் கேட்கவில்லை.

அண்ணை, ஒருக்காக் கேளுங்கோவன்.